புது ஹாப்ஸுக்கு யார் சாட்சி? - வீட்டு பீர் சொல்லும் வரலாறு

பீர் பார்லியில் செய்வது என்று பலருக்கும் தெரியும். அதன் கசப்பும் வாசனையும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். விடை: ஹாப்ஸ். ஒரு கொடியின் பூ.

அந்தக் கொடியில் நூற்றுக்கணக்கான ரகங்கள் உண்டு. ஆண்டுதோறும் புதிய ரகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இதுவரை யாரும் பீரில் போட்டுப் பார்க்காத ஒரு ரகம் நல்லதா, கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி சின்னதுதான். ஆனால் கடந்த நூறு வருட பீர் வரலாற்றில் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். இதற்கு விடை சொன்னவர்கள் பெரிய கம்பெனிகள் மட்டுமல்ல, வீட்டு அடுப்பில் பானை வைத்துக் காய்ச்சிய சாதாரண ஆட்களும்தான். அந்தக் கதைதான் இது.

முதலில் கொடியைப் பற்றிக் கொஞ்சம்

ஹாப்ஸ் கொடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு மீட்டர் உயரம் ஏறும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்குத் தேவை பெண் கொடியில் காய்க்கும் பச்சை நிறக் கூம்புகள். கூம்பைப் பிரித்தால் இதழ்களின் அடியில் மஞ்சளாக ஒரு தூள் ஒட்டியிருக்கும். அதன் பெயர் லுபுலின். விஷயமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அந்தத் தூளில் முக்கியமாக இரண்டு உண்டு. ஒன்று ஆல்ஃபா அமிலம். கொதிக்கக் கொதிக்க அது கசப்பாக மாறும். பீர் சீக்கிரம் கெட்டுப்போகாமலும் அது காக்கும். இன்னொன்று வாசனை எண்ணெய்கள். இவை கொதித்தால் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால்தான் கசப்புக்கான ஹாப்ஸை கொதிக்கும்போதே முதலில் போடுகிறார்கள், வாசனைக்கானதைக் கடைசியில் போடுகிறார்கள். பீர் ஆறிப் புளித்த பிறகு போடுவதும் உண்டு.

வியாபாரக் கோணத்தில் முக்கியமான விஷயம் வேறு. வெற்றிலைக் கொடியைப் போல ஹாப்ஸையும் துண்டு வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். ஒரு ரகம் என்றால் அது ஒரே ஒரு செடியின் நகல்கள். விதை போட்டு முளைத்தால் ஒவ்வொரு விதையும் ஒரு புதிய ரகம்! ஆராய்ச்சி நிலையங்களில் ஆயிரக்கணக்கில் விதை முளைக்க வைப்பார்கள். நோய் தாங்காதது, விளைச்சல் இல்லாதது என்று கழித்துக்கொண்டே வருவார்கள். பத்து வருடம் போனால் ஒன்றிரண்டு மிஞ்சும். அவற்றுக்குப் பெயர்கூட இருக்காது, வெறும் எண்தான்.

அந்த எண்ணோடு ஒரு தாளும் வரும். ஆல்ஃபா அமிலம் இவ்வளவு சதவீதம், எண்ணெய் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். சரி, அதை வைத்து ருசியைச் சொல்ல முடியுமா? முடியாது. சிம்கோ என்ற ரகத்தில் ஆல்ஃபா அமிலம் 12 முதல் 14 சதவீதம். சிட்ரா என்ற ரகத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் ஒன்றில் பைன் மரப் பிசின் வாசனை தூக்கலாக இருக்கும், மற்றதில் எலுமிச்சையும் மாம்பழமும் மணக்கும். தாளில் அண்ணன் தம்பி மாதிரி இருப்பவை கோப்பையில் அடையாளமே தெரியாத அளவுக்கு வேறுபடும். காய்ச்சிக் குடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கேதான் சிக்கல். பெரிய பீர் ஆலை ஒரு தடவை காய்ச்சுவது லட்சம் லிட்டர் கணக்கில். புது ஹாப்ஸால் ருசி மாறிவிட்டால் நஷ்டம் மட்டுமல்ல, வாடிக்கையாளரும் போய்விடுவார். ரிஸ்க் எடுக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ருசி தெரியாததால் யாரும் வாங்கவில்லை, யாரும் வாங்காததால் ருசி தெரியவில்லை. இந்த வட்டத்தில் சிக்கி எத்தனையோ ரகங்கள் அழிந்திருக்கின்றன.

மானிடோபாவிலிருந்து வந்த காட்டுக்கொடி

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் வை கல்லூரி என்று ஒரு விவசாயக் கல்லூரி இருந்தது. அங்கே எர்னஸ்ட் ஸ்டான்லி சால்மன் என்ற பேராசிரியர் 1906-இல் ஹாப்ஸ் ரகங்களைக் கலப்பினம் செய்யத் தொடங்கினார். அதுவரை விவசாயிகள் தோட்டத்தில் தற்செயலாகக் கண்ட நல்ல கொடியைப் பெருக்குவதுதான் வழக்கம். திட்டமிட்டு ஒரு ரகத்தை உருவாக்கலாம் என்று காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

1916-இல் கனடாவின் மானிடோபா மாநிலத்தில் மார்டன் என்ற ஊரிலிருந்து ஒரு காட்டுக்கொடியின் துண்டு அவருக்கு வந்து சேர்ந்தது. கென்ட் மண்ணில் அது நீண்ட நாள் பிழைக்கவில்லை. ஆனால் பட்டுப்போவதற்குள் விதை கொடுத்துவிட்டது. அந்த விதைகளிலிருந்து வந்தவைதான் பிரூவர்ஸ் கோல்ட், புல்லியன் என்ற ரகங்கள். பிரூவர்ஸ் கோல்ட் 1934-இல் வெளியிடப்பட்டது. அன்றைய ஆங்கிலேய ரகங்களைவிட இதில் கசப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதாவது பாதி அளவு போட்டால் போதும், செலவு மிச்சம்.

கணக்குப்படி ஆலைகள் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் முகம் சுளித்தார்கள். "அமெரிக்க வாடை" அடிக்கிறது என்பது புகார். பிளாக்கரன்ட் பழ வாசனை, சிலருக்குப் பூனை மூத்திர நெடி! கொதிக்கும்போதே போட்டு வாசனையை விரட்டிவிட்டு, கசப்புக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, 2000-களில், ஜப்பானிய பீர் ஆய்வாளர்கள் அமெரிக்க ஹாப்ஸ் ரகங்களின் வாசனையை ஆராய்ந்தபோது கந்தகம் கலந்த சில நுண்ணிய சேர்மங்களைக் கண்டார்கள். மிகச் சிறிய அளவில் இருந்தால் இவை பழ வாசனை தரும், அளவு கூடினால் பூனை நெடி. ஒரே பொருள்தான், அளவும் மூக்கும்தான் வேறு. அன்று ஆலைகள் விரட்டியடித்த அந்த மாதிரி வாசனைக்குத்தான் இன்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஹாப்ஸ் நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பில் செடியைவிடப் பழக்கத்துக்கே பங்கு அதிகம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

56013

அடுத்த காட்சி அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், கார்வாலிஸ் நகரம். 1956-இல் அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு விதை முளைத்தது. அதற்குக் கொடுத்த எண் 56013. தாய் வழியில் இங்கிலாந்தின் ஃபக்கிள் ரகமும் ரஷ்யாவின் செரப்ரியாங்கா ரகமும் இருந்தன. மகரந்தம் கொடுத்த ஆண் கொடி எது என்பது தெரியாது. அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் கொடி வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சியின் நோக்கம். வாசனையை யாரும் குறிவைக்கவில்லை.

அன்று அமெரிக்காவில் விளைந்த ஹாப்ஸில் பெரும்பகுதி கிளஸ்டர் என்ற ஒரே ரகம். நல்ல வாசனை வேண்டுமென்றால் ஜெர்மனியிலிருந்தோ செக் நாட்டிலிருந்தோ இறக்குமதி செய்வார்கள். அதனால் 56013 பல வருடங்கள் சோதனைத் தோட்டத்திலேயே கிடந்தது. பிறகு ஜெர்மனியில் வாடல் நோய் பரவி, பேர்போன ஹாலர்டாவ் ரகத்தின் விளைச்சல் விழுந்தது, விலை ஏறியது. அப்போதுதான் அமெரிக்க ஆலைகள் உள்ளூரில் மாற்று தேட ஆரம்பித்தன. 56013-க்குக் கேஸ்கேட் என்று பெயர் சூட்டி 1972-இல் வெளியிட்டார்கள். விதை முளைத்து 16 வருடம் ஆகியிருந்தது!

கூர்ஸ் போன்ற பெரிய ஆலைகள் முதலில் ஆர்வம் காட்டின, விவசாயிகளும் நம்பி நட்டார்கள். ஆனால் ஜெர்மன் ஹாப்ஸுக்கு மாற்றாகத்தான் அதை எடுத்தார்கள். கேஸ்கேடோ ஜெர்மன் ஹாப்ஸ் மாதிரி இல்லை. அதில் கிரேப்ஃப்ரூட் பழத்தோல் வாசனை. கொஞ்ச காலத்தில் பெரிய ஆலைகளின் ஆர்வம் வடிந்தது, நட்ட பரப்பும் சுருங்கியது.

சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கர் என்ற சிறிய ஆலை இருந்தது. அதன் உரிமையாளர் ஃபிரிட்ஸ் மேடாக் 1975-இல் லிபர்டி ஏல் என்ற பீரை காய்ச்சினார். அமெரிக்கச் சுதந்திரப் போரின் தொடக்கத்தில் பால் ரெவியர் குதிரையேறி எச்சரிக்கை சொல்லிப் போன இரவின் 200-ஆவது ஆண்டு நினைவாகச் செய்த பீர் அது. அதில் கேஸ்கேடின் வாசனையை மறைக்காமல் முன்னால் நிறுத்தினார். பெரிய ஆலைகள் குறை என்று ஒதுக்கியதை இந்தச் சின்ன ஆலை சிறப்பு என்று சொல்லி விற்றது.

சட்டம் திறந்துவிட்ட கதவு

இதே காலத்தில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் நிலை என்ன? பிரிட்டனில் வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற விதியை 1963-இல் நீக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. மதுவிலக்கு 1933-இல் முடிந்த பிறகு வீட்டில் ஒயின் தயாரிக்கச் சட்டம் இடம் கொடுத்தது, பீருக்குக் கொடுக்கவில்லை. ரகசியமாகக் காய்ச்சினார்கள். கடைகளில் கிடைத்த ஹாப்ஸும் அப்படித்தான் இருந்தது. பழுப்பேறி, காய்ந்து, பல நேரம் என்ன ரகம், எந்த வருடத்து அறுவடை என்றுகூட எழுதாமல். "ஹாப்ஸ்" என்று ஒரே பெயரில் விற்றார்கள். ரகமே தெரியாதபோது ருசியைப் பற்றி என்ன கற்றுக்கொள்ள முடியும்?

1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வயதுவந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் (சுமார் 757 லிட்டர்) வரை வரியில்லாமல் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அதே வருடம் டிசம்பரில் சார்லி பபாசியன் என்பவர் நண்பரோடு சேர்ந்து கொலராடோவின் போல்டர் நகரில் அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார். சைமர்ஜி என்ற பத்திரிகையும் வந்தது. ஒருவர் வீட்டில் கண்டதை இன்னொருவர் படிக்கும் வசதி அப்போதுதான் பிறந்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை ஏற்றன. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் ஏற்றது 2013-இல்தான்.

கலிபோர்னியாவின் சிகோ நகரில் கென் கிராஸ்மன் என்ற இளைஞர் 1976-இலேயே வீட்டு பீருக்கான பொருட்கள் விற்கும் கடை திறந்திருந்தார். நல்ல ஹாப்ஸ் தேடி வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கு வரைக்கும் போனார். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி விளைவது அங்கேதான். சின்னக் கடைக்காரருக்கு மூட்டைக் கணக்கில் வாங்கக் கட்டுப்படியாகாது. ஆலைகள் முகர்ந்து பார்ப்பதற்காக மூட்டையிலிருந்து வெட்டி எடுக்கும் மாதிரித் துண்டுகள் உண்டு. வியாபாரிகளிடம் பேசி அந்தத் துண்டுகளை வாங்கி வந்தார்.

அந்தக் கடைக்காரர்தான் பிறகு நண்பர் பால் கமுசியோடு சேர்ந்து சியரா நெவாடா பீர் ஆலையைத் தொடங்கினார். 1980-இல் அங்கே முதல் பீர் காய்ச்சினார்கள். அவர்களுடைய பேல் ஏல் முழுக்க முழுக்க கேஸ்கேட் வாசனையில் நின்றது. பெரிய ஆலைகள் கைவிட்ட ரகம் ஒரு புதிய பீர் வகைக்கே அடையாளமாகிவிட்டது.

வீட்டுக்காரர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆய்வுக்கூடம் கிடையாது. இயந்திரம் கிடையாது. ஆனால் முறை இருந்தது.

முதல் படி, கை. இரண்டு கூம்புகளை உள்ளங்கையில் வைத்து, தூள் உடைந்து பிசுபிசுக்கும் வரை கசக்கி முகர்வார்கள். யாகிமாவில் பெரிய ஆலைகளின் ஆட்கள் அறுவடைக் காலத்தில் வந்து செய்வதும் இதைத்தான். சீஸ் வாடை அடித்தால் சரக்கு பழசு.

இரண்டாவது, டீ. வெந்நீரில் ஹாப்ஸை ஊறவைத்து வடிகட்டிக் குடித்துப் பார்ப்பது. வாய் கசந்துபோகும், ஆனால் வாசனையின் போக்கு பிடிபடும்.

மூன்றாவதுதான் உண்மையான சோதனை. ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே ஈஸ்ட் வைத்து ஒரு சிறிய காய்ச்சல். அமெரிக்காவில் வீட்டுக் காய்ச்சலுக்கு வழக்கமான அளவு 5 காலன், சுமார் 19 லிட்டர். அதையே நாலு ஜாடியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஹாப்ஸைப் போட்டு ஊறவைத்தால் ஒரே நாளில் நாலு ரகத்தை ஒப்பிட்டுவிடலாம். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மாறாமல் வைத்துக்கொள்ளும் இதே சோதனை முறையைத்தான் பொருளாதாரப் பாடத்தில் "மற்றவை மாறாதிருக்க" என்று படிக்கிறோம்.

சோதனை தோற்றால் நஷ்டம் 19 லிட்டர் பீர். வென்றால் ஒரு ரகத்தைப் பற்றிய அறிவு மிச்சம். பெரிய ஆலைக்குக் கட்டுப்படியாகாத ரிஸ்க் இவர்களுக்குக் கட்டுப்படியானது. மேலே சொன்ன வட்டத்தை உடைத்தது இந்தக் கணக்குதான்.

பற்றாக்குறை சொல்லிக்கொடுத்த பாடம்

2006 அக்டோபரில் யாகிமாவில் ஒரு ஹாப்ஸ் கிடங்கு தீப்பிடித்தது. அமெரிக்க விளைச்சலில் சுமார் 4 சதவீதம் சாம்பலானது. அதற்கு முன்பே, பல வருடம் விலை விழுந்து கிடந்ததால் விவசாயிகள் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போயிருந்தார்கள். ஐரோப்பாவிலும் விளைச்சல் மோசம். எல்லாம் சேர்ந்து 2007-08இல் விலை பல மடங்கு எகிறியது. ஒப்பந்தம் போட்டிருந்த பெரிய ஆலைகள் தப்பித்தன. சில்லறைச் சந்தையை நம்பிய சின்ன ஆலைகளும் வீட்டுக்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2008-இல் பாஸ்டன் பீர் கம்பெனி தன் கையிருப்பிலிருந்து 20,000 பவுண்டு ஹாப்ஸை அடக்க விலைக்கே சின்ன ஆலைகளுக்குக் கொடுத்தது. போட்டியாளருக்கே சரக்கு கொடுத்தது வியாபார வரலாற்றில் அடிக்கடி நடக்காத விஷயம்.

கேட்ட ரகம் கடையில் இல்லை என்றால் என்ன செய்வது? இருப்பதை வாங்கிக் காய்ச்சிப் பார்க்க வேண்டியதுதான். எந்த ரகத்துக்கு எது மாற்று என்ற பட்டியலுக்கு அப்போது மவுசு கூடியது. பழகாத ரகங்களைத் தேடிப் போகும் பழக்கத்தில் விருப்பத்தோடு கட்டாயமும் சேர்ந்துகொண்டது.

சிட்ரா யாருடைய சொத்து?

1990-இல் யாகிமாவில் ஜான் ஐ. ஹாஸ் கம்பெனியின் ஜீன் புரோபாஸ்கோ ஒரு கலப்பினம் செய்தார். எலுமிச்சை வகை வாசனை வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். செடி வந்தது, வாடிக்கையாளரின் ஆர்வம் போய்விட்டது. கிட்டத்தட்ட இருபது வருடம் அது எண்ணாகவே வயலின் ஓரத்தில் நின்றது. கடைசியில் சிறிய, நடுத்தர ஆலைகள் சோதித்துப் பார்த்து அசந்துபோனார்கள். அதுதான் சிட்ரா. 2009-இல் சியரா நெவாடா டார்பிடோ என்ற பீரில் அதைப் பயன்படுத்தியது. 2019 வாக்கில் அமெரிக்காவில் நட்ட பரப்பில் கேஸ்கேடையே முந்திவிட்டது. அதன் வம்சாவளியைப் பார்த்தால் பிரூவர்ஸ் கோல்டும் இருக்கிறது. ஆலைகள் முகம் சுளித்த அதே மானிடோபா ரத்தம்!

ஆனால் கேஸ்கேடுக்கும் சிட்ராவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கேஸ்கேடை உருவாக்கியது அரசுப் பணம். யார் வேண்டுமானாலும் நடலாம், வீட்டுத் தோட்டத்திலும் வளர்க்கலாம். சிட்ரா தனியார் சொத்து. செடிக்குக் காப்புரிமை, பெயருக்கு வர்த்தக முத்திரை. உரிமம் பெற்ற விவசாயி மட்டுமே பயிரிட முடியும். வீட்டுக்காரர் காய்ந்த கூம்பை வாங்கலாம், கொடியை வாங்க முடியாது. காப்புரிமைக்கு 20 வருட எல்லை உண்டு, முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பத்து வருடம் ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவருக்கு வருமானம் வேண்டாமா என்றால் வேண்டும்தான். ஆனால் எந்த ரகம் எப்போது யாருக்குச் சோதனைக்குக் கிடைக்கும் என்பதையும் அந்த உரிமையாளரே முடிவு செய்வார் என்பதையும் மறக்கக் கூடாது.

கம்பெனிகளும் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டன. எச்.பி.சி. 438 என்ற எண் கொண்ட ஹாப்ஸைப் பெயர் வைப்பதற்கு முன்பே வீட்டுக்காரர்களுக்கு விற்றார்கள். அதன் முன்னோரில் நியூ மெக்சிகோவின் காட்டு ஹாப்ஸும் உண்டு. தேங்காயும் ஆரஞ்சும் கலந்த வாசனை, சிலருக்குப் பிடித்தது, சிலருக்கு அறவே பிடிக்கவில்லை. 2018-இல்தான் அதற்கு சப்ரோ என்று பெயர் வந்தது. முன்பு தற்செயலாக நடந்த சோதனை இப்போது வியாபாரத் திட்டமாகவே ஆகிவிட்டது. சோதிக்கிறவர்கள் சம்பளம் கேட்பதில்லை, காசு கொடுத்துச் சோதிக்கிறார்கள்!

முடிவாக

மானிடோபா கொடி விதை கொடுக்காமல் பட்டுப்போயிருந்தால், 56013 பதினைந்தாவது வருடம் பிடுங்கி எறியப்பட்டிருந்தால், சிட்ராவின் வரிசை உழப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்கும் தெரிந்திருக்காது, யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். ருசித்தே பார்க்காத ஒன்றுக்காக யார் வருத்தப்படுவார்கள்? அப்படிப் பிடுங்கி எறியப்பட்டவற்றில் எத்தனை கேஸ்கேட் இருந்தன என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

சந்தையில் தேவை இருந்தால் பொருள் வரும் என்று படிக்கிறோம். ஹாப்ஸ் விஷயத்தில் பொருள் முதலில் வந்து, தேவை வருவதற்காகப் பல வருடம் வயலில் காத்துக் கிடந்தது. நடுவில் நின்று அந்த இரண்டையும் சேர்த்து வைத்தவர்களில், பழக்கமில்லாத வாசனையை முகர்ந்துவிட்டு "சரி, ஒரு தடவை காய்ச்சித்தான் பார்ப்போமே" என்று பானையை அடுப்பில் ஏற்றியவர்களும் உண்டு.